சிவப்பணுவுக்குள் ஒரு பரிணாம வரலாறு

மனித இரத்தத்துக்குச் செந்நிறத்தைத் தருவதும், நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு உடலின் திசுக்கள் அனைத்துக்கும் கொண்டுசேர்ப்பதும் ஹீமோகுளோபின் என்னும் புரதமாகும். ஒரேயொரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. இரத்தத்தை எளிதில் எடுத்து ஆராய முடியும் என்பதாலும், இந்தப் புரதத்தில் நேரும் கோளாறுகள் உலகெங்கும் பலரைப் பாதிப்பதாலும், இதனை உருவாக்கும் மரபணுக்கள் மரபியல் வரலாற்றில் மிக நெடுங்காலமாகவும் மிக நுணுக்கமாகவும் ஆராயப்பட்டவற்றுள் அடங்குகின்றன. மரபணு எவ்வாறு வேலை செய்கிறது, மனிதருக்கு மனிதர் ஏன் வேறுபடுகிறது, காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு மரபணுக் குடும்பத்திலிருந்தே விடை பெற முடியும்.

எழுத்திலிருந்து புரதம்வரை

மனித உயிரணுவின் உட்கருவில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என அவை வந்து சேர்கின்றன. ஒவ்வொரு குரோமோசோமும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைமூலக்கூறால் ஆனது. அந்த இழையில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு நைட்ரஜன் காரங்கள் எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. ஒருவர் தம் பெற்றோருள் ஒருவரிடமிருந்து பெறும் முழுத் தொகுப்பில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உண்டு. இதுவே மரபணுத்தொகுதி எனப்படுகிறது. இத்தொகுதியில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. புரதத்துக்கான செய்தியை நேரடியாகச் சுமக்கும் எழுத்துகள் மொத்தத்தில் இரண்டு விழுக்காட்டையும் எட்டுவதில்லை.

ஹீமோகுளோபின் மூலக்கூறு நான்கு புரதச் சங்கிலிகளின் கூட்டாகும். வளர்ந்த மனிதரிடம் அவற்றுள் இரண்டு ஆல்பா சங்கிலிகள், மற்ற இரண்டு பீட்டா சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியும் இரும்பணு ஒன்றைத் தாங்கிய ஹீம் என்னும் பகுதியைத் தன் மடிப்புக்குள் வைத்திருக்கிறது. ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வது அந்த இரும்பில்தான். ஆல்பா சங்கிலிக்கான மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமிலும், பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமிலும் உள்ளன.

பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்களைக் கோத்து உருவாவது. டி.என்.ஏ.வின் மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிப்பதால் இச்சங்கிலிக்கு 438 எழுத்துகளே போதும். ஆனால் அந்த மரபணுவின் நீளம் ஏறத்தாழ 1,600 எழுத்துகள். புரதத்துக்கான செய்தி மூன்று துண்டுகளாகப் பிரிந்திருக்க, அவற்றுக்கு இடையே புரதமாக மாறாத இரண்டு இடைப்பகுதிகள் நிற்பதே இதற்கு முதன்மைக் காரணம். உயிரணு முதலில் மரபணு முழுவதையும் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுத்து, பின்னர் இடைப்பகுதிகளை வெட்டி நீக்கி, எஞ்சியவற்றை ஒட்டுகிறது. ஒட்டப்பட்ட அந்தப் படியை ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பு மும்மூன்று எழுத்தாக வாசித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் எழுத்துகளில் ஒன்று மாறினாலும் பீட்டா சங்கிலியின் உற்பத்தி குறைந்துவிடும். பீட்டா தலசீமியா என்னும் இரத்தசோகை இவ்வாறான மாற்றங்களாலும் தோன்றுகிறது.

தோலிலும் மூளையிலும் ஈரலிலும் உள்ள உயிரணுக்கள் அனைத்திலும் பீட்டா மரபணு இருக்கிறது என்றாலும், எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக உருவெடுத்துவரும் உயிரணுக்களில் மட்டுமே அது முழுவீச்சில் இயங்குகிறது. மரபணுவிலிருந்து பல்லாயிரம் எழுத்துகள் தள்ளி அமைந்த ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி, டி.என்.ஏ. இழை வளைந்து கொடுப்பதால் மரபணுவின் அருகே வந்து சேர்ந்து அதனை இயக்குகிறது. புரதமாக மாறாத பெரும்பகுதியின் ஒரு சிறு பங்கு இத்தகைய கட்டுப்பாட்டு வேலையைச் செய்கிறது. ஆகவே எந்த மரபணு எந்த உயிரணுவில் எப்போது எவ்வளவு இயங்க வேண்டும் என்னும் செய்தியும், புரதத்துக்கான செய்தியைப் போலவே, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வதாகும்.

ஒன்று பலவானது

11ஆம் குரோமோசோமில் பீட்டா மரபணு தனித்து நிற்கவில்லை. முதலில் எப்சிலான், அடுத்து இரண்டு காமா மரபணுக்கள், பின்னர் டெல்டா, இறுதியில் பீட்டா என அதன் உறவு மரபணுக்கள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. வளர்ச்சியில் அவை இயங்கும் முறையும் பெரும்பாலும் இதே வரிசைதான்: கருவின் தொடக்க வாரங்களில் எப்சிலானும், அதன்பின் பிறப்புவரை காமாவும், பிறந்த பிறகு பீட்டாவும் முதன்மை பெறுகின்றன. காமா சங்கிலியைக் கொண்ட சிசு ஹீமோகுளோபின், வளர்ந்தோரின் ஹீமோகுளோபினைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றுவதால், நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைச் சிசுவால் பெற்றுக்கொள்ள முடிகிறது. பிறந்து ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் காமாவின் இடத்தைப் பீட்டா பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. இந்த வரிசையின் நடுவே, புரதம் உருவாக்கும் ஆற்றலை எப்போதோ இழந்துவிட்ட ஒரு போலி மரபணுவும் இன்றுவரை இருந்துவருகிறது.

பொறியாளர் ஒருவர் திட்டமிட்டு வரைந்திருந்தால் பயனற்ற பிரதி ஒன்றை நடுவில் விட்டுவைத்திருக்க மாட்டார். பழைய வீட்டில் தலைமுறைக்கு ஓர் அறையாகக் கட்டிச் சேர்த்ததைப் போன்ற அமைப்பு இது. இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்போது இரண்டும் சரியாகப் பொருந்தாமல் சற்றே விலகி நின்றால், ஒன்றில் ஒரு மரபணு இருமடியாகவும் மற்றொன்றில் அது இல்லாமலும் போகக்கூடும். இருமடியான இடத்தில் ஒரு பிரதி பழைய வேலையைத் தொடர்ந்து செய்ய, மற்றது கட்டுப்பாடின்றி மாறலாம். அது பழுதாகிப் போலி மரபணுவாகலாம், அல்லது புதிய வேலையைப் பெறலாம். பரிணாமத்தில் புதுமை தோன்ற இத்தகைய இரட்டிப்பே முதன்மை வழி என்னும் கருத்தை சுசுமு ஓனோ 1970இல் வெளியிட்ட நூலில் விரிவாக முன்வைத்தார்.

ஆல்பாவும் பீட்டாவும் இவ்வாறு ஒரு மூதாதை மரபணுவிலிருந்து, முதுகெலும்பிகளின் தொடக்க காலத்தில், ஏறத்தாழ 45 முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை எனக் கணிக்கப்படுகிறது. தசைகளில் ஆக்சிஜனைத் தாங்கிவைக்கும் மயோகுளோபின் இன்னும் தொன்மையான உறவு. மயோகுளோபினின் முப்பரிமாண அமைப்பை ஜான் கெண்ட்ரூவும், ஹீமோகுளோபினின் அமைப்பை மாக்ஸ் பெருட்சும் கண்டறிந்து 1962இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இரண்டிலும் சங்கிலி மடியும் விதம் பெரிதும் ஒத்திருந்தது. உளுந்து, நிலக்கடலை போன்ற பயிர்களின் வேர்முடிச்சுகளை நறுக்கினால் தெரியும் இளஞ்சிவப்பு நிறமும் இப்பெருங்குடும்பத்தைச் சேர்ந்த லெக்ஹீமோகுளோபின் தருவதேயாகும்.

சூழல் மாறும்போது இதே மரபணுக்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு இரு விலங்குகள் சான்றாகின்றன. மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைக் கடந்து வந்து, திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம்வரை வலசைபோகும் வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபின், சமவெளி வாத்துகளின் ஹீமோகுளோபினைவிட ஆக்சிஜனை வலுவாகப் பற்றுகிறது. அதன் ஆல்பா சங்கிலியில் 119ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதிலாக அலனின் வந்தது இதற்குரிய மாற்றங்களுள் முக்கியமானது. இதற்கு நேர்மாறாக, அண்டார்க்டிகக் கடலின் பனிமீன்களில் பீட்டா மரபணு முற்றாக அழிந்துபோனது. பெரும்பாலான பனிமீன் இனங்களில் ஆல்பா மரபணுவின் துண்டு மட்டுமே எஞ்சியுள்ளது. உறைநிலையை ஒட்டிய கடல்நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைந்திருப்பதால், ஹீமோகுளோபின் இல்லாத நிறமற்ற இரத்தத்துடனும் அவற்றால் வாழ முடிகிறது. வேறெந்தக் கடலிலும் உயிரைப் பறித்திருக்கக்கூடிய இழப்பு அங்கே தாங்கக்கூடியதாயிற்று.

ஓர் எழுத்தின் இரு முகங்கள்

டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளுள் பெரும்பாலானவற்றை உயிரணுவே திருத்திவிடுகிறது. திருத்தப்படாமல் எஞ்சியவையே திடீர்மாற்றங்கள். பெற்றோரிடம் இல்லாத அறுபது, எழுபது புதிய மாற்றங்களுடன் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. உறவில்லாத இருவரின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டால் சராசரியாக ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறுபடும். இவற்றுள் பெரும்பாலானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் பீட்டா மரபணுவில், மக்களின் உடல்நலத்தையே தீர்மானிக்கும் மாற்றம் ஒன்று உண்டு.

பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகளில் நடுவிலுள்ள அடினைன் தைமினாக மாறினால், குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்னும் அமினோ அமிலம் அங்கே அமர்கிறது. ஆக்சிஜனைக் கொடுத்துவிட்ட நிலையில் இத்தகைய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைக்கிறது. இயல்பான சிவப்பணு 120 நாள் வாழ, இவ்வணுக்கள் பத்து, இருபது நாளிலேயே அழிகின்றன; நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்துக் கடும் வலியையும் உறுப்புச் சிதைவையும் உண்டாக்குகின்றன. இந்த அணுக்களை ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் சிகாகோவிலிருந்து முதன்முதலாக விவரித்தார். லைனஸ் பாலிங் குழுவினர் 1949இல் இதனை ஒரு மூலக்கூறின் நோய் என நிறுவினர். மாற்றம் ஒரேயோர் அமினோ அமிலத்தில்தான் என்பதை வெர்னான் இங்ரம் 1950களின் பிற்பகுதியில் கண்டறிந்தார்.

இம்மாற்றத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவருக்கே அரிவாள் செல் இரத்தசோகை வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் அதைக் கடத்துபவராக இருப்பாரே தவிர, பொதுவாக நோயாளி ஆவதில்லை. கடத்துபவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முறையான சிகிச்சை இல்லாத காலத்தில் நோயாளிகள் பலர் பிள்ளைப் பருவத்திலேயே இறந்துபோக, அவர்களோடு அந்த மரபணுவும் தலைமுறைதோறும் குறைந்து அரிதாகியிருக்க வேண்டும். ஆனால் வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேற்பட்டோர் அதைக் கடத்துபவர்களாக இருக்கின்றனர்.

தலசீமியாவைப் பற்றி இதே புதிரை எழுப்பி, அதைக் கடத்துபவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கக்கூடும் என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் கருதினார்; பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் இவர். அரிவாள் செல் மாற்றத்தைப் பொறுத்தவரை இப்பாதுகாப்பை அந்தோணி அலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளால் காட்டினார். கொடிய மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியால், கடத்துபவர்களின் சிவப்பணுக்களில் எளிதாகப் பெருக முடிவதில்லை. மலேரியா மிகுந்த இடங்களில் இயல்பான மரபணு மட்டும் உடையவர்களைக் காய்ச்சலும், மாறிய மரபணுவை இருபுறமும் பெற்றவர்களைச் சோகையும் வதைக்க, இரண்டிலும் ஒவ்வொன்று பெற்றவர்களே மிகுதியாகப் பிழைத்தனர். ஆகவே மாறிய மரபணு மறையவுமில்லை, எங்கும் பரவவுமில்லை.

இந்தியாவில் இம்மாற்றம் முதன்முதலாக அறியப்பட்ட இடம் நீலகிரி. அங்குள்ள பழங்குடியினரிடம் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் அதைக் கண்டு 1952இல் வெளியிட்டனர். மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா, குசராத்து ஆகிய மாநிலங்களின் பழங்குடியினரிடமும் அது பரவலாக உள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதே ஆறாம் இடத்தில் லைசின் வந்த ஹீமோகுளோபின் சி வகையும், தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவின் வடகிழக்கிலும் 26ஆம் இடத்தில் லைசின் வந்த ஈ வகையும் பெருகியிருக்கின்றன. மலேரியா என்னும் ஒரே நோயின் நெருக்கடிக்கு வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு தற்செயல் மாற்றங்கள் நிலைபெற்றன என்பதையே இவை உணர்த்துகின்றன.

பழைய மரபணுவை மீண்டும் எழுப்புதல்

அரிவாள் செல் நோயுடன் பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் அறிகுறி தோன்றாததைக் கவனித்து, சிசு ஹீமோகுளோபின் அவர்களைக் காக்கிறது என்று ஜேனட் வாட்சன் 1948இல் சுட்டினார். வளர்ந்த பிறகும் காமா மரபணு ஓயாத சிலரிடம் நோய் மட்டுப்பட்டிருப்பதும், இந்திய நோயாளிகள் பலரிடம் சிசு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதால் நோயின் கடுமை குறைவதும் பின்னர் தெரியவந்தன. மக்களிடையே காணும் இத்தகைய வேறுபாடுகளை மரபணுத்தொகுதி முழுவதும் ஒப்பிட்டுத் தேடியபோது, காமாவை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ என்னும் மரபணு 2007, 2008ஆம் ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டது. நோயாளியின் குருதித் தண்டணுக்களை எடுத்து, அவற்றில் பிசிஎல்11ஏவை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியை கிரிஸ்பர் நுட்பத்தால் வெட்டி, காமாவை மீண்டும் இயங்கச் செய்து, உடலுக்குள் செலுத்தும் காஸ்ஜெவி சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா அடுத்த மாதத்திலும் ஒப்புதல் அளித்தன. பழுதான எழுத்தைத் திருத்தாமல், பழைய இரட்டிப்பால் குடும்பத்தில் எஞ்சிநின்ற மற்றொரு மரபணுவைப் பயன்படுத்திக்கொள்வதே இச்சிகிச்சையின் வழி.

அமெரிக்காவில் அதற்கு 22 லட்சம் டாலர் விலை வைக்கப்பட்டதால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது எட்டாததாக இருக்கிறது. சிசு ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையே இன்றும் பரவலான மருந்தாகும். 2047க்குள் இந்நோயைப் பொதுச்சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கும் இலக்குடன் இந்திய அரசு 2023 சூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் இரத்தப் பரிசோதனையையும் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனையையும் முதன்மையாகக் கொண்டுள்ளது. கடத்துபவராக இருப்பது குறைபாடு அன்று என்பதையும், மலேரியாவால் சூழப்பட்ட முன்னோரைக் காத்த மரபின் எச்சமே அது என்பதையும் அந்த ஆலோசனையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிவைக் காரணமாகக் காட்டி ஒருவரை விலக்கிவைக்கும் வழக்கத்துக்கு மரபியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஒரு மரபணுவின் நன்மை தீமையை அது இயங்கும் சூழலே தீர்மானிக்கிறது. மலேரியா பின்வாங்கிய இடத்தில் பழைய பாதுகாப்பின் பயன் போய்ச் சுமை மட்டும் தங்கிவிட்டதால், அச்சுமையைக் குறைக்கும் பொறுப்பு இயற்கைத் தேர்விடமிருந்து மருத்துவத்துக்கும் சமூகத்துக்கும் கைமாறியிருக்கிறது.