கிட்டுக்கும் டூப் உண்டு

1982 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'நைட் ரைடர்' தொடங்கியது. குற்றவாளிகளைத் துரத்தும் கதாநாயகனாக டேவிட் ஹாசல்ஹாஃப் நடித்தார். ஆனால் பிள்ளைகள் காத்திருந்தது 'கிட்' என்ற கறுப்புக் காருக்காக. அது பேசும், கேலி செய்யும், கூப்பிட்டால் தானே ஓடி வரும், வழியை மறித்தால் தாண்டிக் குதிக்கும். ஷாருக்கானின் கொல்கத்தா கிரிக்கெட் அணிக்குப் பெயர் வந்ததும் இந்தத் தொடரிலிருந்துதான்.

அடிப்படையில் அது கடையில் விற்ற கார்தான்: பான்டியாக் நிறுவனத்தின் 1982 ட்ரான்ஸ் ஆம். மூக்குப் பகுதியை மாற்றி, இடமும் வலமுமாக ஓடும் சிவப்பு விளக்கை அதில் பதித்தார்கள். தயாரிப்பாளர் க்ளென் லார்சன் தம் முந்தைய தொடரான 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் இயந்திர வீரர்களுக்கு வைத்த அதே கண்! விமானத்தை நினைவூட்டும் டேஷ்போர்டை வடிவமைத்தவர் மைக்கேல் ஷெஃப். குரல் வில்லியம் டேனியல்ஸுடையது. அவர் விருப்பப்படியே அவர் பெயர் டைட்டிலில் வரவில்லை.

இத்தனை அலங்காரமும் உள்ள, கேமரா கிட்டே வந்தாலும் குறை தெரியாத வண்டிக்குத்தான் படப்பிடிப்பில் 'ஹீரோ கார்' என்று பெயர். அதைக் குதிக்கவோ மோதவோ விடமாட்டார்கள். நடிகருக்கு டூப் இருப்பதுபோல் காருக்கும் டூப்கள் இருந்தன. தானே ஓடும் காட்சிக்கு ஒன்று, குதிக்க ஒன்று, தேவைப்பட்டால் பொம்மை அளவில் ஒன்று.

தானே ஓடும் கார் என்னை இன்றும் வியக்க வைக்கிறது, அதில் மின்னணு வித்தை எதுவுமே இல்லை என்பதால். ஓட்டுநர் இருக்கையின் உறைக்குள் ஸ்டன்ட் கலைஞர் ஒருவர் ஒளிந்து உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் காலி இருக்கை. உள்ளே ஓர் ஆள், வலைத்துணி வழியாகச் சாலையைப் பார்த்தபடி வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்.

குதிப்பதில் சிக்கல் வேறு. கதையில் 'டர்போ பூஸ்ட்' பொத்தானை அழுத்தினால் போதும், கார் எழும்பிவிடும். படப்பிடிப்பில் கேமராவுக்குத் தெரியாமல் ஒரு சாய்தளம் வேண்டும். வேகமாக ஏறும் கார் சாய்தளத்தின் விளிம்பைத் தாண்டும்போது முன்சக்கரங்கள் முதலில் காற்றுக்கு வந்துவிடுகின்றன. பின்சக்கரங்களை மட்டும் பலகை அந்த ஒரு கணம் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் கார் மூக்கு கீழே போகும்படி சுழலத் தொடங்கும். கனமான எஞ்சினும் முன்னால் இருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். இதைச் சமாளிக்க ஸ்டன்ட்காரர்களுக்குத் தெரிந்த பழைய உபாயம், டிக்கியில் எடையை ஏற்றி எடைமையத்தைப் பின்னுக்கு நகர்த்துவது. இன்னொரு வழி, கண்ணாடியிழை உடல் பொருத்திய இலேசான வண்டியைக் கட்டுவது. எதைச் செய்தாலும் தரையிறங்கும் அடி அடிதான்.

தொடரில் அடிக்கடி வரும் இன்னொரு காட்சி, ஓடிக்கொண்டிருக்கும் பெரிய ட்ரெய்லர் லாரிக்குள் கிட் பின்புறமாக ஏறுவது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் சக்கரம் லாரியின் தளத்தைத் தொட்டதும், அதே வேகத்தில் கார் உள்ளே பாய்ந்து முன்சுவரை இடித்துவிடாதா? இடிக்காது. லாரி எண்பதில் போக, கார் எண்பத்தைந்தில் போனால், லாரியைப் பொறுத்தவரை கார் வெறும் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்கிறது. சக்கரத்தின் சுழற்சி வேகமானதுதான், ஆனால் காரின் எடையோடு ஒப்பிட்டால் சக்கரம் அற்பம். எனவே முழுக் காரையும் முன்னே எறிவதற்குப் பதில், டயர்தான் கணநேரம் வழுக்கிச் சுழற்சியைக் குறைத்துக்கொள்கிறது. எஞ்சினோடு இணைந்த பின்சக்கரங்கள் கொஞ்சம் உந்தலாம். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தீர்ந்தது. 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சிக்காரர்கள் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். விபரீதம் எதுவும் நடக்கவில்லை.

கதைப்படி கிட்டின் உடலைக் குண்டும் துளைக்காது. படப்பிடிப்பிலோ, குதித்த வண்டியின் மூக்கு நொறுங்குவதற்குள் காட்சியை வெட்டிவிட்டு, அடுத்த ஷாட்டில் பளபளப்பு மாறாத ஹீரோ காரை ஓட விடுவார்கள்.