பழைய டிரெய்லரை விற்கிறீர்களா? ஆர்.சி-யில் பெயர் மாறியதா என்று பாருங்கள்

சின்ன டிராக்டரில் மாட்டும் இரண்டு சக்கர டிரெய்லருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. எருவும் தீவனத்தட்டும் நெல் மூட்டையும் ஏற்ற அதுவே போதும். குறுகலான வண்டிப்பாதையில் திருப்புவதும் எளிது. ஆனால், பழைய டிரெய்லரை விற்பவர்கள் விலை பேசுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் காகிதத்தில் காட்டுவதில்லை.

விலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காலி டிரெய்லரை எடைமேடையில் ஏற்றி ரசீது வாங்க வேண்டும். டயர், பலகை எடையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் வருவதுதான் அடிமட்ட விலை. அதற்கும் கீழே கேட்கும் புரோக்கரிடம் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பதை டயரும் அச்சும் அடித்தகடும் முடிவு செய்யும்.

விவரம் தெரிந்தவர் குனிந்து அடியில்தான் பார்ப்பார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஆட்டி, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதிப்பார். கொக்கி மாட்டும் வளையம் தேய்ந்திருக்கிறதா, வெல்டிங்கில் விரிசல் உண்டா என்றும் பார்ப்பார். ஆகவே, பேரிங்குக்குப் புது கிரீஸ் வைப்பது பயன் தரும். விற்கும் நேரத்தில் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. துருவை மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள் என்றே வாங்குபவருக்குத் தோன்றும்.

இனி காகிதம். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான். டிராக்டருக்கு ஒரு ஆர்.சி. என்றால், டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. பலரும் வெள்ளைத்தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிடுகிறார்கள். விபத்து நடந்தால் அந்தத் தாள் காப்பாற்றாது. 2007-ல் விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார், 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி-யில் முதல் உரிமையாளர் பெயரே இருந்ததால், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. இரவில் சிவப்பு பிரதிபலிப்பான் இல்லாமல் சாலையோரம் நிறுத்தப்படும் டிரெய்லர்களை நினைத்தால், இது கார்க்காரர்களுக்கு மட்டுமான தீர்ப்பு இல்லை என்பது புரியும்.

மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ல் விண்ணப்பிக்க வேண்டும். ‘நான் பார்த்துக்கறேண்ணே’ என்று வாங்குபவர் சொன்னாலும், இரண்டு படிவத்திலும் சேர்ந்தே கையெழுத்திட்டு, ஒன்றாகப் போய்க் கொடுப்பது நல்லது. தேதி, பெயர் நிரப்பாத படிவத்தில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுக்கவே கூடாது.

கடனில் வாங்கிய டிரெய்லர் என்றால், கடன் முடிந்தாலும் ஆர்.சி-யில் வங்கியின் பெயர் தானாக நீங்காது. வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் பெற்று, அதை முதலில் நீக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால், அதைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

டிரெய்லரை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். முழுப் பணமும் வந்த பிறகே அசல் ஆர்.சி. கைமாற வேண்டும். ஒரு மாதம் கழித்து, பெயர் மாறிவிட்டதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளலாம்.