வேதியியல் மாணவனுக்கு ஹோமர் எதற்கு?

"கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்கு ஹோமர் எதுக்கு சார்?" என்றான் என் டியூஷன் மாணவன். நியாயமான கேள்விதான்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் கொலம்பியா கல்லூரியில் இளநிலைப் பட்டத்துக்கு எந்தத் துறையை எடுத்தாலும் ஒரு பொதுப் பாடத்திட்டத்தைப் படித்தே ஆகவேண்டும். முதல் உலகப் போர் ஓய்ந்ததும், 1919-இல், சமூகமும் அரசியலும் பேசும் வகுப்பு வந்தது. 1937-இல் கிரேக்கக் கவிஞர் ஹோமரைப் படிக்கும் இலக்கிய வகுப்பு, பிறகு இசை, ஓவியம், அறிவியல். இருபது சொச்சம் பேர் சுற்றி உட்கார்ந்து பிளேட்டோவோடு மல்லுக்கட்டுவார்கள். நம் ஊரில் பதினேழு வயதிலேயே முடிவாகிவிடும் முதன்மைப் பாடத்தை அங்கே இரண்டாம் ஆண்டில் சொன்னால் போதும். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நூல் பட்டியல் மேற்கையே சுற்றுகிறது என்ற புகார் பழையது. அதில் உண்மையும் உண்டு. மனிதகுலம் பற்றி இவ்வளவு விவாதித்த கல்லூரி, பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1983-இல்தான்.