குறைந்த எடைக் குத்துச்சண்டை வீரர்களை எடைபோடுவது எப்படி?

சென்னை வீரர் வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 54 கிலோ பிரிவான பாண்டம்வெயிட்டில் களமிறங்கினார். 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். இத்தகைய குறைந்த எடைப் பிரிவுகளில் ஒரே குத்தில் ஆட்டம் முடிவது குறைவு. அதனால் ரசிகர்கள் நாக்அவுட் எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. கால் நகர்வு, கை வேகம், வரும் குத்துக்குத் தலையை விலக்கிய நொடியே திருப்பித் தாக்கும் லாகவம், கடைசிச் சுற்றுவரை தளராத மூச்சு ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள்.

அடுத்த அளவுகோல், எதிராளியின் தரம். 2018 ஆசிய விளையாட்டின் 49 கிலோ இறுதிப்போட்டியில் அமித் பங்கால் வீழ்த்தியது, ரியோ ஒலிம்பிக் சாம்பியன் துஸ்மத்தோவை. ஐந்து நடுவர்களில் மூவர் பங்காலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். வலுவான எதிராளி என்பதால் அந்தத் தங்கத்தின் மதிப்பு உயர்ந்தது.

மூன்றாவது, எடைப் பிரிவு மாறியும் வெல்லும் ஆற்றல். 45, 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார்.

எடை வேறுபாட்டை ஒதுக்கி எல்லோரையும் திறமையால் மட்டும் வரிசைப்படுத்துவது 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' பட்டியல். 2022 ஜூனில் 'தி ரிங்' இதழின் இந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர், ஜப்பானின் பாண்டம்வெயிட் வீரர் நவோயா இனோயே.