67-க்குப் பிறகு 14

1867-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஒரு சிற்றரசர் காலமானார். அவர் 67ஆம் ஹைன்ரிக். அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மகன், 14ஆம் ஹைன்ரிக். 67-க்குப் பிறகு 14 வருவது என்ன கணக்கு?

ராய்ஸ் குடும்பத்தின் கணக்கு அது. பேரரசர் ஆறாம் ஹைன்ரிக்கின் நினைவாக, அந்தக் குடும்பத்தில் பிறக்கும் எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் பல நூற்றாண்டுகளாக ஒரே பெயர். அண்ணனும் ஹைன்ரிக், தம்பியும் ஹைன்ரிக், சித்தப்பாவும் ஹைன்ரிக். ஆளைப் பிரித்துக் காட்ட எண் ஒன்றுதான் வழி.

மற்ற நாடுகளில் மன்னருக்கு எண் கிடைப்பது முடிசூடும்போது. இங்கே பிறந்ததுமே கிடைத்துவிடும். நாடாளப்போகாத பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. 67ஆம் ஹைன்ரிக்குக்கு முன்பு ஆண்டவர் அவருடைய அண்ணன், 62ஆம் ஹைன்ரிக். அண்ணன் பிறந்தது 1785-இல், தம்பி 1789-இல். இடைப்பட்ட நான்கு எண்களும் அந்த ஆண்டுகளில் பங்காளி வீடுகளையும் சேர்த்துப் பிறந்த ஆண் குழந்தைகளுக்குப் போய்விட்டன.

இப்படியே போனால் எண்ணிக்கை எங்கே நிற்கும்? ராய்ஸ் குடும்பத்தில் இரண்டு கிளைகள். 67ஆம் ஹைன்ரிக்கின் கிளையான இளைய கிளை, நூற்றாண்டு மாறியதும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது. அவருடைய மகன் பிறந்தது 1832-இல். புதிய வரிசையில் அவர் பதினான்காவது. மூத்த கிளையின் ஏற்பாடு வேறு: நூறு வரை எண்ணிவிட்டுத் திரும்ப ஒன்று. ஆனால் கடைசி வரிசை நூறைத் தொடவே இல்லை. 24ஆம் ஹைன்ரிக் 1927-இல் இறந்தபோது அந்தக் கிளையே முடிந்துபோனது.

அமெரிக்கக் குடும்பங்களின் வழக்கம் இன்னொரு விதம். அப்பாவின் முழுப்பெயரே மகனுக்கும் இருந்தால் அவர் ‘ஜூனியர்’. தாத்தா அல்லது பெரியப்பாவின் பெயர் என்றால் ‘இரண்டாம்’. கார் நிறுவனத்தை நடத்திய இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, நிறுவனரின் பேரன். இடையில் இருந்த அப்பாவின் பெயர் எட்செல். எனவே இந்தக் கணக்கில் அவருக்கு இடமில்லை.

ஆக, ஒரே எண் ஓரிடத்தில் முடிசூடிய வரிசையையும், இன்னோரிடத்தில் பெயர் திரும்பி வந்ததையும், ராய்ஸ் வீட்டில் பிறந்த வரிசையையும் சொல்கிறது. 1918-இல் அந்தக் குடும்பத்தின் ஆட்சி போனது. பிறந்த பிள்ளைக்கு ஹைன்ரிக் என்று பெயரிட்டு எண் கொடுக்கும் வழக்கம் மட்டும் இன்றும் தொடர்கிறது. அதற்கு நாடு தேவைப்படவில்லை.