ஒரேயொரு பிரீமியர் லீக் ஆட்டமும் இருபது ஆண்டு உழைப்பும்

உதைபந்தாட்டத்தில் ஆர்வமுள்ள எமது மாணவர்களிடம் யாரைப் போல வர விரும்புகிறீர்கள் என்று கேட்டால் மெஸ்ஸி, ரொனால்டோ, சலாஹ் என்றே பதில் வரும். ஆனால், இவ்விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் வாழ்வது வேறொரு வாழ்க்கை. அது எப்படிப்பட்டது என்பதை இங்கிலாந்தின் கெவின் எலிசன் என்ற மத்திய கள வீரரைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் அந்நாட்டின் அமைப்பைப் பார்ப்போம். பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள் உள்ளன. அதற்குக் கீழே மூன்று பிரிவுகளில் தலா 24 கழகங்கள் வீதம் 72 கழகங்கள் விளையாடுகின்றன. அவற்றுக்கும் கீழே பல படிகள் இருக்கின்றன. தொலைக்காட்சி வருமானத்தின் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடுகிறது. கீழ்ப்பிரிவுச் சிறு கழகங்கள் நுழைவுச்சீட்டு வருமானத்தையும் உள்ளூர் அனுசரணையாளர்களையும் நம்பியே இயங்குகின்றன. எனவே அங்கு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களே வழமை. பருவகாலம் முடிந்ததும் யாரை வைத்திருப்பது, யாரை விடுவிப்பது என்ற பட்டியல் வெளியாகும். ஜூன் 30 உடன் ஒப்பந்தம் முடிவடைந்தால் வழமையான சம்பளமும் முடிவுக்கு வரும்.

எலிசன் 1979இல் லிவர்பூலில் பிறந்தவர். சிறு கழகங்களில் விளையாடிக்கொண்டிருந்த அவரை 2001இல் பிரீமியர் லீக் கழகமான லெஸ்டர் சிட்டி வாங்கியது. மன்செஸ்டர் யுனைட்டட் அணிக்கு எதிராக மாற்று வீரராகக் களமிறங்கினார். பிரீமியர் லீக்கில் அவர் ஆடிய ஒரே ஆட்டம் அதுவே. அதே ஆண்டிலேயே ஸ்டொக்போர்ட் கழகத்துக்குச் சென்றுவிட்டார்.

அதன் பின்னர் லிங்கன், செஸ்டர், ஹல், டிரான்மியர், மீண்டும் செஸ்டர், ரொதர்ஹாம், பிராட்போர்ட் என்று ஊர் ஊராகப் பயணம் தொடர்ந்தது. சில இடங்களுக்குக் கடன் அடிப்படையில் அனுப்பப்பட்டார். 2005இல் ஹல் கழகம் இரண்டாம் நிலைப் பிரிவுக்கு முன்னேறியபோது அவரும் அந்த அணியில் இருந்தார். 1885இல் ஆரம்பிக்கப்பட்ட செஸ்டர் சிட்டியை விட்டு 2009இல் விலகினார். மறு ஆண்டே அக்கழகம் கடன் சுமையால் கலைக்கப்பட்டது. 2011 முதல் 2020 வரை கடலோரச் சிறு நகரான மோர்கேம்பின் கழகத்தில்தான் அவருக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது. அங்கிருந்து விலகியபோது வயது 41. அப்போதும் நியூபோர்ட் கழகத்தில் சேர்ந்து ஆடினார். தான் மன அழுத்தத்தால் பாதிக்கப்பட்டிருந்ததையும் அவர் வெளிப்படையாகப் பேசினார். ஆண்கள் பேசத் தயங்கும் விடயம் அது.

1995ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய பொஸ்மன் தீர்ப்பையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுக் கட்டணமின்றி இன்னொரு நாட்டுக் கழகத்துக்குச் செல்லலாம் என்றது அத்தீர்ப்பு. இதனால் நட்சத்திர வீரர்களின் பேரம்பேசும் பலம் கூடியது. கீழ்ப்பிரிவு வீரருக்கோ ஒப்பந்தம் முடிவது என்றால் அடுத்த வேலையைத் தேடுவது என்பதே பெரும்பாலும் பொருள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பாடசாலை, மனைவியின் தொழில் எல்லாமே அந்தத் தேடலைப் பொறுத்து மாறும். முழங்காலில் ஒரு காயம் ஏற்பட்டால் அந்தத் தேடலும் நின்றுவிடலாம்.

இதனால்தான் அங்குள்ள கழகங்களில் பயிற்சி பெறும் 16 முதல் 18 வயது வரையான இளைஞர்கள் பயிற்சியோடு கல்வியையும் தொடர வேண்டியுள்ளது. 1907இல் உருவான வீரர்களின் தொழிற்சங்கம், விளையாட்டுக்குப் பின்னரான தொழிலுக்குப் படிப்பதற்கு உதவுகிறது. படிப்பா, விளையாட்டா என்று எமது வீடுகளில் நடக்கும் வாதத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கைவிடும்படி பிள்ளையை வற்புறுத்தத் தேவையில்லை.

எலிசனின் வாழ்க்கையைத் தோல்வி என்று சொல்ல முடியாது. தனக்குப் பிடித்த தொழிலால் இருபது ஆண்டுகள் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். ஆனால், அந்தத் தொழில் இத்தகையது என்று தெரிந்துகொண்டே எமது பிள்ளைகள் அதில் இறங்க வேண்டும். நாளை ஒரு கழகமோ முகவரோ உங்கள் மகனை அழைத்தால், சம்பளம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தம் எத்தனை மாதங்களுக்கு, காயமடைந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற இடமிருக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில்களை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னர் கையொப்பமிடுங்கள்.