கைப்பேசிக் காமிராவும் தனிக் காமிராவும்

ஒளிப்படத்தின் தெளிவு, காமிராவிலுள்ள ஒளியுணரியின் பரப்பைப் பெரிதும் பொறுத்தது. முழுச்சட்டக் காமிரா எனப்படும் வகையில் இப்பரப்பு 36 x 24, அதாவது 864 சதுர மி.மீ. ஆகும், பெரும்பாலான கைப்பேசிகளில் 100 சதுர மி.மீட்டருக்கும் குறைவு. இக்குறையை ஈடுசெய்யக் கைப்பேசி, நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக இணைக்கின்றது. அசையாப் பொருளுக்கு இம்முறை நன்கு பயன்படும். மங்கிய ஒளியில் அசையும் பொருளோ கலங்கித் தோன்றும்.

தொலைவிலுள்ள பறவையைத் தொலைவில்லையின்றிப் பெரிதாக்கினால், படத்தின் நடுப்பகுதி வெட்டி விரிக்கப்படுமேயன்றிப் புதிய விவரம் கிட்டாது. இதற்குத் தொலைவில்லை பொருத்திய தனிக் காமிராவே தகும். பகலொளியில் நோயுற்ற இலை, பயிர்ப்பூச்சி, வகுப்புச் சோதனை முதலியவற்றைப் பதிவு செய்யக் கைப்பேசியே போதும். பொருளின் அருகே ஓர் அளவுகோலை வைத்தல் நன்று. அளவு தெரியாத படம் பூச்சியை இனங்காணப் பெரிதும் உதவாது.